நெடுமணி முடியும்வரை

"என்ன மேவிஸ், எங்கயாச்சும் புகை தெரியுதா?"

ஆல்டர்மியரில் மேவிஸ் கசாப்புக் கடைக்குப் போனாலும் இதுதான் கேள்வி, தேவாலயத்துக்குப் போனாலும் இதுதான் கேள்வி. பாதிரியார்கூட ஒரு முறை கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மேவிஸும் சிரித்து வைப்பாள். வீட்டுக்குப் போனதும் பாத்திரத்தைக் கழுவும் கைதான் கொஞ்சம் வேகமாகப் போகும்.

கதை இதுதான். மேவிஸின் கணவன் பெர்சி, ஊர் மணிக்கோபுரத்தில் மணியடிப்பவர்களுக்குத் தலைவன். ஆறு மணிகள், ஆறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை அடிப்பதெல்லாம் சும்மா கைப்பழக்கம். நெடுமணி என்பது வேறு. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கை ஓயாமல் அடிக்க வேண்டும். ஒரு முறை அடித்த வரிசை மறுமுறை வரக் கூடாது. ஏட்டைப் பார்க்கக் கூடாது, எல்லாம் மனப்பாடம். ஒருத்தன் ஒரு இழுப்பு தவறினாலும் அதுவரை அடித்தது அத்தனையும் பாழ். ஆல்டர்மியர் கோபுரத்தில் ஒரு நெடுமணிகூட முழுசாக முடிந்தது கிடையாது. பக்கத்து ஊர்க் கோபுரங்களில் முடித்தவர்கள் பெயரைத் தங்க எழுத்தில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பெர்சி யுத்தத்திலிருந்து திரும்பி வந்த வருஷம் முதல் இதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை கயிறு அறுந்தது. ஒரு தடவை ஒருவருக்கு மயக்கம் வந்தது. போன தடவை கெடுத்தது மேவிஸ்.

நெடுமணி அடிக்கும்போது கோபுரத்துக் கதவை உள்ளே தாழ் போட்டுவிடுவார்கள். யாரும் தட்ட மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், முடிவதற்குச் சொற்ப நேரமே இருக்கையில், தன் வீட்டுக் கூரைக்குப் பின்னால் புகை எழும்புவதை மேவிஸ் பார்த்தாள். ஓடினாள். படியேறி இரண்டு கையாலும் கதவை இடித்து, "தீ! தீ!" என்று கத்தினாள். உள்ளே கயிறுகள் சிக்கின, மணிகள் ஒன்றோடொன்று மோதி ஓய்ந்தன. புகை? அடுத்த வீட்டு மிசஸ் டிட் காய்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்தியிருந்தாள். அவ்வளவுதான்.

பெர்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், வாய் துடைத்த துணியை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அன்றிலிருந்து தோட்டத்துப் பிளம்ஸ் பழுக்கும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது மே மாதம். ஒரு வாரம் விடாமல் பெய்த மழை வெள்ளிக்கிழமை நின்றது, சனிக்கிழமை மறுபடி நெடுமணி. மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெர்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டே வாசலில் நின்றான்.

"இன்னைக்கு மட்டும், மேவிஸ்," என்றான்.

எதை என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி தொடங்கியதும் அவள் தேவாலயக் கூடத்தில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுகளை அடுக்கி ஈரத்துணி போட்டு மூடினாள். ஆறு பேருக்கும் முடிந்த கையோடு டீ தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேலை ஒன்றும் இல்லை. விதை போட்ட கேக்கில் ஒரு துண்டை வெட்டித் தாளில் சுற்றிக்கொண்டு தங்கையைப் பார்க்கக் கிளம்பினாள்.

தங்கை ஐவிக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால் இரண்டும் போயிற்று. சக்கர நாற்காலிதான். ஆனால் வாய் மட்டும் ஊரைச் சுற்றி வரும். தேவாலயம் மேட்டில். அங்கிருந்து செங்குத்தாக இறங்குகிறது ஆலைச் சந்து. சந்தின் அடிக்கோடியில் பழைய மாவாலையை ஒட்டியது ஐவியின் வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்து ஆள் உயரத்துக்குப் புல் மூடிய மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் ஏரி. ஐவியின் சமையலறையில் நின்றால், தலைக்கு மேலே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இருக்கிறது.

நினைக்காமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் கரை ஒரு தடவை உடைந்திருக்கிறது. அதற்கப்புறம் ஊரில் ஒரு ஏற்பாடு. ஏரியில் ஏதாவது கோளாறு என்றால் கோபுரத்துப் பெரிய மணியை மட்டும், தனியாக, வேகமாக அடிப்பார்கள். சந்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்காமல் மேலே கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிவிட வேண்டும். பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். அந்தப் பெரிய மணியின் கயிறு பெர்சி கையில்.

இந்த வருஷம் ஏரி வழக்கத்தை விட நிறைந்திருந்தது. காரணம் அன்னம். கரையின் ஒரு ஓரத்தில், மிகுந்த தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் அதில் பலகை சொருகித் தண்ணீரைத் தேக்குவார்கள், வசந்தம் வந்ததும் பலகையை உருவிவிடுவார்கள். இந்தத் தடவை உருவப் போனால், பலகையின் மேலேயே ஒரு அன்னம் நாணலைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஊர்க் கூட்டம் போட்டார்கள். குஞ்சு பொரிக்கும்வரை பலகை இருக்கட்டும் என்று அத்தனை கையும் உயர்ந்தன. மேவிஸ் கையும்தான். அந்த ஊரில் ஒருத்தன் பெண்டாட்டியை அடித்தால் நாலு நாள் பேசுவார்கள். அடைகாக்கும் அன்னத்தை எழுப்பினால் அவனுக்கு ஆயுசுக்கும் ரொட்டி விற்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நல்லவர்கள். மழை வந்தபோதும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

மேவிஸ் இறங்கி வரும்போது சந்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை வாசலில் போட்டுக்கொண்டு மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுச் சந்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஹோரஸ் டகட் புகைக்குழாயைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். அவளைக் கண்டதும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"புகை ஏதும் இல்லையே, மேவிஸ்?"

"உங்க குழாயிலகூட இல்ல, மிஸ்டர் டகட்," என்றாள்.

அவர் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐவி பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கேக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரலை உதட்டில் வைத்தாள். மேவிஸ் டீ போட்டாள். கோப்பையைத் தட்டோடு மேசையில் வைத்ததும் அது கிண் கிண் என்று மெல்ல நடுங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மணியோட அதிர்வு. பாரேன், பெர்சி இன்னைக்கு என்னமா இழுக்குதுன்னு," என்றாள் ஐவி.

மேவிஸ் கோப்பையின் மேல் கையை வைத்தாள். இத்தனை வருஷமாக அந்த மேசையில் டீ குடிக்கிறாள். மணிச்சத்தம் இங்கே வரும், அதிர்வு வந்ததில்லை.

எழுந்து பின்கதவைத் திறந்தாள். கரையின் அடியில், கழிப்பறைக்குப் பின்னால், காலையில் கொஞ்சம் ஈரம் கசிகிறது என்று ஐவி சொல்லியிருந்தாள். ஈரம் இல்லை அது. கை பருமனுக்குத் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. முட்டைக்கோஸ் பாத்தி முழுக்கச் சேறு. மேவிஸ் குனிந்து அள்ளிப் பார்த்தாள். பழுப்பாக, விரலிடுக்கில் மணல் தங்கும்படி இருந்தது.

"ஐவி, இது எப்பலேந்து இப்படிக் கலங்கலா வருது?"

"காலையில தெளிவாத்தான் வந்துச்சு. குடிக்கலாம் போல. ஏன், கலங்கலா வருதா?"

"தெளிஞ்ச தண்ணி வந்தா சும்மா கசிவு. கலங்கி வந்தா கரை மண்ணும் சேந்து வருதுன்னு அர்த்தம். வா, மேல போயிடலாம்."

ஐவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குப் புகை தெரியுது," என்று சிரித்தாள்.

மேவிஸ் நாற்காலியைத் தள்ளி வாசலைத் தாண்டினாள். மழையில் நனைந்த உருளைக்கல் பாதை. நாலு அடி ஏறியதும் சக்கரம் வழுக்கிப் பின்னால் வந்தது. அந்த மேட்டில் ஐவியை ஏற்ற எப்போதும் இரண்டு ஆண்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்சியும் மணியடிப்பவர்களில் இன்னொருத்தனும்தான் தூக்கிப் போவார்கள். மற்ற இளவட்டங்கள் அன்று வெளியூரில் கிரிக்கெட் ஆடப் போயிருந்தார்கள். அவள் ஓடிப்போய் ஹோரஸின் தோளைத் தொட்டாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் "உஷ்" என்றார்கள். அவள் சொன்னதை ஹோரஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். முயல் வளை தோண்டியிருக்கும் என்றார். நாற்பது வருஷமாகத் தான் பார்க்காத கசிவா என்றார். சரி, முடியட்டும், நானே வந்து பார்க்கிறேன், தேவைப்பட்டால் பலகையை உருவிவிடலாம், அன்னம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்றார். அதற்குள் அடுத்த வாசலிலிருந்து மறுபடி "உஷ்".

மேவிஸ் திரும்பி வந்து நாற்காலியை வீட்டு வாசலுக்கே இறக்கி நிறுத்தினாள். "நான் போய்க் கதவத் தட்டுறேன்," என்றாள்.

ஐவியின் சிரிப்பு நின்றது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இடிக்காதடி. போன தடவை பெர்சி பேசாம இருந்தப்போ தினம் இங்க வந்து அழுதியே, பாத்தவ நான். மறுபடியும் ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னா? அந்த மனுஷன் இந்தத் தடவை செத்தே போயிடும். கடைசிப் பகுதிக்கு வந்துட்டாங்க, கேளு. முடிஞ்சதும் ஆறு பேரையும் கையோட கூட்டிட்டு வா. ரெண்டு பேர் என்னத் தூக்கட்டும், மத்தவங்க பலகையப் புடுங்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. எல்லாமே அன்று நியாயமாகத்தான் பட்டது.

மேவிஸ் ஏறினாள். மேட்டின் உச்சியை எட்டும்போது மூச்சு இரைத்தது, மணிச்சத்தம் பல்லில் வந்து அடித்தது. கோபுரத்தின் சுழல்படி இருட்டாக, ஈரமாக இருந்தது. மேலே போகப் போகக் கல்லே ஊஞ்சல் மாதிரி மெல்ல ஆடியது. கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பலகை இடுக்கு வழியாகப் பெர்சியின் முகம் தெரிந்தது. வியர்வை வழிய, தலையைக் கொஞ்சம் தூக்கி, எங்கேயோ தூரத்தில் இருப்பதைப் பார்ப்பவன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை.

இரண்டு கையையும் உயர்த்தினாள். முஷ்டி மடங்கியது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? ஒரு கை கீழே இறங்கிவிட்டது. மறு கையின் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள். அண்டை வீட்டுக்குச் சர்க்கரை கேட்கப் போனவள் தட்டுவது போல. ஆறு மணிகளின் முழக்கத்தில் அவள் காதுக்கே அது கேட்கவில்லை.

இரண்டு படி கீழே இறங்கினாள். அங்கே சுவரில் கையகல ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே ஏரியின் தூரக்கோடியும் கலிங்கும் தெரியும். எட்டிப் பார்த்தாள். காலையில் புல்லைத் தொட்டுக்கொண்டு நின்ற தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவில் இப்போது ஈரச்சேறு ஒரு பட்டையாகத் தெரிந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது.

மேவிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹோரஸ் போயிருக்கிறார், கிழவர் வாய்தான் அப்படி, பாவம், போய்ப் பலகையை உருவிவிட்டார் என்று நினைத்தாள். அந்த நிம்மதியில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கலிங்கின் மேல் அன்னம் வெள்ளையாக, அசையாமல், கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதையும் பார்த்தாள். பலகையை உருவியிருந்தால் அன்னம் அங்கே எப்படி இருக்கும் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

படியில் உட்கார்ந்தாள். பாவாடையைக் காலைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள். தலைக்கு மேலே மணிகள் பின்னிப் பின்னிப் பிரிந்தன. தப்பே இல்லை. அவளுக்கு வரிசை தெரியாது, ஆனால் இத்தனை வருஷம் கேட்ட காதுக்குத் தப்பு தெரியும். இன்று தப்பு இல்லை. நடுவில் ஒரு தடவை கல்லின் நடுக்கம் பாதத்திலிருந்து மேலே வருவது போல் இருந்தது. மணியின் நடுக்கம் மேலிருந்து அல்லவா வரும்? கதவைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மணிகள் ஒழுங்குக்கு வந்தன. சின்னதிலிருந்து பெரியதுக்கு, சின்னதிலிருந்து பெரியதுக்கு, படி இறங்குகிற மாதிரி. பெர்சியின் குரல் கேட்டது. "நிறுத்து!"

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆல்டர்மியரில் மணிச்சத்தம் இல்லை.

தாழ் விலகியது. பெர்சி வெளியே வந்தான். படியில் இருந்த அவளைக் கண்டதும் குழந்தை மாதிரி அழுதான். "முடிச்சுட்டோம், மேவிஸ். முடிச்சுட்டோம்." அவளை வாரித் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டான். அவள் அவன் தோளில் முகத்தை வைத்தபடி இருந்தபோதுதான் இரண்டு பேருக்கும் அது கேட்டது.

ரயில் ஓடும் சத்தம். ஆல்டர்மியருக்கு ரயில் கிடையாது.

உள்ளே சிரித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மணி முழங்கிக்கொண்டிருந்தபோதும் அது இருந்திருக்கிறது, அடியில், எவ்வளவு நேரமாகவோ. பெர்சி மனைவியின் முகத்தைப் பார்த்தான். திரும்பி ஓடிப் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தான். தனியாக, வேகமாக, பைத்தியம் பிடித்தவன் மாதிரி அடித்தான். மற்றவர்கள் படியில் உருண்டு இறங்கினார்கள்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரிலிருந்து பார்த்தால் ஆலைச் சந்து முழுக்கத் தெரியும். மேல்பாதி இருந்தது. அந்த வாசல்களில் இருந்தவர்கள் நாற்காலிகளைக் கையில் பிடித்துக்கொண்டே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கீழ்ப்பாதியில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. மாவாலையின் சுவர் ஒன்று மட்டும் நின்றது. அதை ஒட்டியிருந்த வீடு இருந்த இடம்கூட மேவிஸுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் சுவரைத் தாண்டப் போனாள். யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். "என் தங்கச்சி," என்றாள். "நாற்காலியத் தூக்க ரெண்டு பேரு வேணும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஐவியை மறுநாள் வயலில் கண்டெடுத்தார்கள். சற்றுத் தள்ளி ஹோரஸ் டகட். மணி முடிவதற்குக் கொஞ்சம் முன்பு அவர் எழுந்து குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே போனதை எதிர் வாசல்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினாராம். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ஒன்று உடைந்து அவர் கையிலேயே இருந்தது.

கரை நடுவில் உடைந்திருந்தது. கலிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வற்றிப்போன சேற்றுக்கு மேலே, பலகையின் மேல், அன்னம் முட்டைகளைக் காத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தது.

அடக்கம் முடிந்தது. மணி அடிக்கவில்லை. பெர்சி மாட்டேன் என்றான், மற்றவர்களும் கயிற்றைத் தொடவில்லை. மேவிஸை இப்போது ஊரில் யாரும் புகையைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் எதிரில் வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். கேலி எவ்வளவு நல்லதாக இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடக்கம் நடந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெர்சி பாதி சாப்பிட்டான். பிறகு அவளைப் பார்க்காமல், கோபமே இல்லாத குரலில் கேட்டான்.

"படியிலதான இருந்த. அன்னைக்கு மாதிரி ரெண்டு கையாலயும் இடிச்சிருக்கலாமே, மேவிஸ்?"

மேவிஸ் தன் கைகளைப் பார்த்தாள்.

"தட்டுனேன், பெர்சி," என்றாள். "மெதுவா."

பெர்சி வாயைத் துடைத்தான். துணியை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.